நெல்மணி கூறும் காலம்

பொதியமலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளியை அடைந்து, திருநெல்வேலியையும் திருவைகுண்டத்தையும் கடந்து மன்னார் வளைகுடாவில் கலக்கும் ஆறு தாமிரபரணி. பொருநை என்பது அதன் பழம்பெயர். அதன் இரு கரைகளிலும் நெல் விளைகின்றது. அந்நெல்லை உண்டு வாழ்ந்து அக்கரைகளிலேயே மண்ணுள் அடங்கிய மக்கள் எத்தனையோ தலைமுறையினர் ஆவர். இறந்தவரைப் பெரிய மண்தாழியில் இட்டு, அவருக்கு உரியன என்று கருதிய பொருள்களையும் உடன் வைத்துப் புதைப்பது பண்டைத் தமிழர் வழக்கங்களுள் ஒன்று. அத்தாழிகளை முதுமக்கள் தாழி என்பர்.

ஆற்றின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூர் இத்தகைய தாழிகள் நிறைந்த பெருங்காடு. ஜெர்மனி நாட்டுப் பெர்லின் நகரத்து அறிஞர் ஜாகர் 1876-ஆம் ஆண்டில் அங்கே முதன்முதல் அகழ்ந்து பார்த்தார். பின்னர் அலெக்சாந்தர் ரீ என்பவர் 1899-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் அங்கே விரிவாக அகழாய்வு செய்தார். பொன்னால் ஆன நெற்றிப் பட்டங்களும், வெண்கலக் கலங்களும், இரும்பு வாள்களும் ஈட்டிகளும் அவருக்குக் கிடைத்தன. தாழிகளுள் இருந்த சிறு பானைகளில் நெல் உமியும் சிறுதானிய உமியும் காணப்பட்டன.

இவற்றை விட்டுச் சென்ற மக்கள் வாழ்ந்த காலம் யாது? இவ்வினாவிற்கு அன்று விடை கூறுவார் இல்லை. கல்வெட்டு ஒன்றும் தாழிகளுடன் கிடைக்கவில்லை. பானையின் வடிவத்தையும் வாளின் அமைப்பையும் பிறநாட்டுப் பொருள்களோடு ஒப்பிட்டு ஒருவாறு ஊகிக்கலாமே அன்றி, இத்தனை ஆண்டுகள் என்று துணிந்து உரைத்தல் இயலாததாயிற்று. பொன்னையும் வெண்கலத்தையும் கண்டவர் வியந்தனர். உமியை அவ்வாறு வியந்தவர் குறைவு. ஆயினும் காலத்தைக் கூறும் ஆற்றல் பொன்னுக்கு இல்லை. அந்த உமிக்கு இருந்தது. அதனைப் படிக்கும் எழுத்தை உலகம் அன்று கற்றிருக்கவில்லை.

அவ்வெழுத்தின் முதற் பாடம் ஆதிச்சநல்லூரில் மண்வெட்டி ஒலித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வேறொரு கண்டத்தில் நடந்தது. 1896-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஹென்றி பெக்கரல், யுரேனியம் கலந்த பொருளிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத கதிர்கள் தாமே வெளிப்படுவதைக் கண்டார். வெயிலில் வைத்தாலும் இருளில் வைத்தாலும் அக்கதிர்கள் குறையவில்லை. 1898-ஆம் ஆண்டில் மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவர் பியரி கியூரியும் இவ்வியல்புடைய பொலோனியம், ரேடியம் என்னும் தனிமங்களைக் கண்டறிந்தனர். இவ்வியல்பைக் கதிரியக்கம் என்று வழங்குகிறோம்.

கனடா நாட்டின் மான்ட்ரீல் நகரில் ஆராய்ந்து வந்த எர்னஸ்ட் ரதர்போர்டு, தோரியம் என்னும் தனிமத்திலிருந்து ஒருவகை வாயு வெளிப்படுவதை அறிந்தார். அவ்வாயுவும் கதிர்களை வீசியது. ஆனால் அதன் ஆற்றல் விரைவாகக் குறைந்தது. அக்குறைவில் ஓர் ஒழுங்கு இருப்பதை அவர் 1900-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஆற்றல் பாதியாயிற்று. அடுத்த நிமிடத்தில் எஞ்சியதிற் பாதி போயிற்று. அதற்கடுத்த நிமிடத்தில் அதிலும் பாதி. எவ்வளவு வாயுவைக் கொண்டு தொடங்கினாலும் இவ்விதி மாறவில்லை. இவ்வாறு ஒரு கதிரியக்கப் பொருள் தன்னிற் பாதியாகக் குறைவதற்கு எடுத்துக்கொள்ளும் காலத்தை அதன் அரை ஆயுள் என்பர்.

கதிரியக்கம் உடைய அணுவின் கரு நிலையற்றது. அது ஒரு கணத்தில் துகளையோ கதிரையோ வெளிவிட்டு மற்றோர் அணுவாக மாறுகின்றது. அம்மாற்றமே சிதைவு எனப்படும். எந்த அணு எக்கணத்தில் சிதையும் என்று எவராலும் கூற இயலாது. மனிதர் முதுமை அடைய அடைய இறப்பை நெருங்குகின்றனர். அணுவுக்கோ முதுமை இல்லை. ஆயிரம் ஆண்டுகள் சிதையாமல் இருந்த அணுவும் நேற்றுத் தோன்றிய அணுவும் இன்று சிதைவதற்கு ஒத்த வாய்ப்பே உடையன. ஓர் அணுவைப் பற்றி ஒன்றும் அறியாத நாம், கோடிக்கணக்கான அணுக்களைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசுவது எங்ஙனம்?

தாயம் ஆடும் சிறுவர் இதனை எளிதில் உணர்வர். புளியங்கொட்டைகள் அறுபத்து நான்கினை எடுத்து, ஒவ்வொன்றின் ஒரு புறத்தையும் கல்லில் உரைத்து வெண்மையாக்குக. அவற்றை ஒருங்கே குலுக்கித் தரையில் இடுக. வெண்புறம் மேலாக விழுந்தவற்றைச் சிதைந்தனவாகக் கருதி விலக்குக. ஏறத்தாழ முப்பத்திரண்டு எஞ்சும். எஞ்சியவற்றை மீண்டும் குலுக்கி இட்டால் பதினாறு அளவில் எஞ்சும், பின்னர் எட்டு, பின்னர் நான்கு. எந்தக் கொட்டை எந்த முறை வெண்புறம் காட்டும் என்று முன்கூட்டி உரைக்க முடியாது. மும்முறை தப்பிய கொட்டைக்கு நான்காம் முறை அஞ்சவேண்டிய தனிக் காரணமும் இல்லை. ஆயினும் கூட்டம் முழுமையும் ஒரு விதிக்கு அடங்கி நடக்கின்றது. ஒவ்வொரு குலுக்கலும் ஓர் அரை ஆயுள் போன்றது.

இவ்விளையாட்டு மற்றோர் உண்மையையும் காட்டும். முதற் குலுக்கலில் எப்போதும் முப்பத்திரண்டே எஞ்சும் என்பது இல்லை. ஒருகால் இருபத்தெட்டு எஞ்சலாம். ஒருகால் முப்பத்தாறு எஞ்சலாம். அறுபத்து நான்கிற்குப் பதிலாக ஆறாயிரத்து நானூறு கொட்டைகளை எடுத்துக்கொண்டால், வேறுபாடு மொத்தத்தை நோக்க மிகவும் சிறிதாகிவிடும். எண்ணிக்கை பெருகப் பெருக விதி உறுதிப்படும். ஒரு சிட்டிகைப் பொருளிலும் அணுக்கள் கோடி கோடியாக இருப்பதால், அரை ஆயுளை நம்பி அளக்கலாகும்.

இரண்டு அரை ஆயுள் கழிந்தால் பொருள் முற்றும் அழிந்துவிடும் என்று சிலர் மயங்குவர். அது தவறு. இரண்டாம் அரை ஆயுளில் போவது எஞ்சிய பாதியிற் பாதியே ஆகும். எனவே காற்பங்கு எஞ்சும். மூன்றாவதில் அரைக்காற்பங்கு எஞ்சும்.

அரை ஆயுள் ஒவ்வொரு கதிரியக்க அணுவிற்கும் வேறு வேறு. ரதர்போர்டு கண்ட வாயுவிற்கு அது ஒரு நிமிடத்திற்குச் சற்றுக் குறைவு. மருத்துவத்தில் பயன்படும் அயோடின்-131 என்பதற்கு எட்டு நாள். ரேடியம்-226 என்பதற்கு 1,600 ஆண்டு. யுரேனியம்-238 என்பதற்கு ஏறத்தாழ 450 கோடி ஆண்டு. நெருப்பில் இட்டாலும், நீரில் ஆழ்த்தினாலும், மண்ணில் புதைத்தாலும் இக்கால அளவு மாறுவதில்லை. மழைக்கும் வெயிலுக்கும் அசையாத கடிகாரம் வேண்டுமாயின் இதனினும் சிறந்தது கிடைப்பது அரிது.

இத்தகைய கடிகாரம் ஒன்று நெல்லினுள் வைக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கார்பன்-14. வானவெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் இடைவிடாது பூமியின் காற்று மண்டலத்தில் பாய்கின்றன. அவற்றால் விடுபடும் நியூட்ரான்கள் காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்களைத் தாக்க, அவற்றுட் சில கார்பன்-14 அணுக்களாக மாறுகின்றன. அவை ஆக்சிஜனுடன் கூடிக் கரியமில வாயுவாகிக் காற்றிற் கலக்கின்றன. பயிர் அக்கரியமில வாயுவை ஏற்று உணவு சமைக்கின்றது. பயிரை உண்ணும் ஆடுமாடுகளும் மனிதரும் அதனைத் தம் உடலிற் சேர்க்கின்றனர். ஆகவே உயிருள்ள பொருள் ஒவ்வொன்றிலும் கார்பன்-14 உண்டு. அதன் அளவு மிகவும் சிறிது. ஏறத்தாழ இலட்சம் கோடிக் கார்பன் அணுக்களுக்கு ஒன்று.

உயிர் உள்ளவரை சிதைந்தவற்றிற்கு ஈடாகப் புதியவை வந்து சேர்கின்றன. ஆதலின் அளவு குறைவதில்லை. கதிரை அறுத்த அன்று வரவு நின்றுவிடுகிறது. செலவு மட்டும் தொடர்கிறது. கார்பன்-14 அணு, எலெக்ட்ரான் ஒன்றை வெளிவிட்டு மீண்டும் நைட்ரஜன் ஆகின்றது. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. எனவே பழம் பொருளில் எஞ்சியுள்ள கார்பன்-14-இன் அளவை அறிந்தால், அது உயிர் நீத்த காலத்தைக் கணக்கிடலாம்.

இவ்வழியை உலகிற்குக் காட்டியவர் அமெரிக்க நாட்டுச் சிகாகோ பல்கலைக் கழகத்து அறிஞர் வில்லார்டு லிப்பி. தாம் கண்ட முறை மெய்யா என்பதை அவர் நேராகவே சோதித்தார். எகிப்து நாட்டு மன்னர் கல்லறைகளிலிருந்து, வரலாற்று நூல்களால் காலம் தெரிந்த மரத்துண்டுகளைப் பெற்று அளந்தார். கணக்கும் வரலாறும் பெரிதும் ஒத்தன. 1949-ஆம் ஆண்டில் அம்முடிவுகள் வெளியாயின. இப்பணிக்காக 1960-ஆம் ஆண்டில் வேதியியலுக்குரிய நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

இனிப் பொருநைக் கரைக்கு மீள்வோம். 2004-ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் மத்தியத் தொல்லியல் துறையினர் ஆதிச்சநல்லூரில் மீண்டும் அகழ்ந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டனர். அங்குக் கிடைத்த இரண்டு பொருள்களின் காலம் கார்பன் முறையால் கி.மு. 905 என்றும் கி.மு. 696 என்றும் 2019-ஆம் ஆண்டில் தெரியவந்தது. ஜாகர் முதன்முதல் அகழ்ந்து 143 ஆண்டுகள் கழிந்த பின்னர் கிடைத்த விடை இது.

ஆற்றின் வடபுறத்தில் சிவகளை என்னும் ஊர் உள்ளது. திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக இருந்த இவ்வூரும் ஆதிச்சநல்லூரும், 1986-ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்ட தூத்துக்குடி மாவட்டத்தில் இப்போது அடங்குவன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 2020-ஆம் ஆண்டில் சிவகளையில் அகழாய்வைத் தொடங்கினர். அங்கே ஒரு முதுமக்கள் தாழியினுள் மண்ணோடு நெல்மணிகள் இருந்தன. அவை அமெரிக்க நாட்டு மயாமி நகரில் உள்ள பீட்டா ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்பட்டன. அவற்றின் காலம் கி.மு. 1155 என்று விடை வந்தது. அச்செய்தியை 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். பொருநைக் கரையின் நாகரிகம் ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமை உடையது என்பது அதனால் தெளிவாயிற்று.

ஒரு நெல்மணியிலிருந்து இவ்விடையைப் பெறுவது எளிதன்று. ஒரு மணியில் பத்து மில்லிகிராம் கார்பன் இருப்பதாகக் கொள்வோம். அறுத்த அன்று அதில் ஏறத்தாழ அறுபது கோடிக் கார்பன்-14 அணுக்கள் இருக்கும். அறுபது கோடி என்பது பெரிதாகத் தோன்றினும், அவற்றுள் ஏழு நிமிடத்திற்கு ஒன்று வீதமே சிதையும். லிப்பி கையாண்ட முறையில் சிதைவுகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அதற்குச் சில கிராம் கார்பனாவது தேவை. தாழியில் கிடைக்கும் ஒன்றிரண்டு நெல்மணிகள் அதற்குப் போதா.

1977-ஆம் ஆண்டையொட்டி வேறொரு முறை தோன்றியது. சிதையும் அணுக்களுக்காகக் காத்திராமல், சிதையாது எஞ்சியுள்ள அணுக்களையே நேராக எண்ணுவது அம்முறை. பொருளிலிருந்து பிரித்த கார்பன் அணுக்களுக்கு மின்னேற்றம் தந்து, அவற்றைப் பெரும் வேகத்தில் காந்தப் புலத்தினூடே செலுத்துவர். எடை குறைந்தவை மிகுதியாக வளையும். எடை மிகுந்தவை குறைவாக வளையும். சுளகில் இட்டுப் புடைக்கும்போது நெல் ஒரு புறமும் பதர் ஒரு புறமும் ஒதுங்குவது போல, சாதாரணக் கார்பன் ஒரு வழியும் கார்பன்-14 வேறு வழியும் செல்லும். ஒரு மில்லிகிராம் அளவுள்ள கார்பனும் இதற்குப் போதும். சிவகளை நெல் பேசத் தொடங்கியது இம்முறையால்தான்.

கணக்கைச் செய்து பார்ப்போம். 3,200 ஆண்டு என்பது ஓர் அரை ஆயுளில் பாதிக்குச் சற்று மிகுதி. அக்காலத்தில் நூறு கார்பன்-14 அணுக்களில் முப்பத்திரண்டு சிதைந்து அறுபத்தெட்டு எஞ்சும். உறவினர் ஒருவர் தாழியினுள் ஒரு பிடி நெல் இட்ட நாள் தொட்டு, இருளில், ஒருவரும் பாராத இடத்தில், மூன்றில் ஒரு பங்கு அணுக்கள் ஒவ்வொன்றாக நைட்ரஜனாக மாறிக்கொண்டிருந்தன. எஞ்சிய இரு பங்கே ஆய்வுக்கூடத்தில் எண்ணப்பட்டது.

ஆயினும் இக்கடிகாரத்தைப் படிப்பவர் சில எல்லைகளை மறத்தலாகாது. முதலாவது, ஒவ்வோர் எண்ணிக்கையிலும் புளியங்கொட்டை ஆட்டத்தில் கண்டது போன்ற ஏற்றத்தாழ்வு உண்டு. பத்தாயிரம் அணுக்களை எண்ணினால் நூறு வரை கூடவோ குறையவோ கூடும். நூற்றுக்கு ஒன்றாகிய அச்சிறு வேறுபாடே காலத்தில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளை மாற்றிவிடும். ஆகவே ஆய்வுக்கூடம் ஒரு தனி ஆண்டை மட்டும் தருவதில்லை. இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டு வரை என்று எல்லை வகுத்தே தருகின்றது.

இரண்டாவது, காற்றிலுள்ள கார்பன்-14-இன் அளவு எல்லாக் காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. மரங்களின் ஆண்டு வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணி, அவ்வவ்வாண்டின் கார்பனை அளந்து, அறிஞர் திருத்தப் பட்டியல் வகுத்துள்ளனர். கணக்கில் வந்த காலத்தை அப்பட்டியலோடு ஒப்பிட்டே உண்மைக் காலத்தை அறிதல் வேண்டும். மூன்றாவது, ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருளில் எஞ்சுவது மிகமிகச் சிறிதாதலின் இம்முறை பயன்படாது.

நான்காவது எல்லையே வரலாற்றிற்கு இன்றியமையாதது. கார்பன்-14 கூறுவது ஓர் உயிர் நீங்கிய காலத்தை மட்டுமே. இரும்பு வாளும் மண்பானையும் உயிர் வாழ்ந்தவை அல்ல. அவற்றின் அருகே கிடைத்த நெல்லையோ கரித்துண்டையோ கொண்டே அவற்றின் காலம் உரைக்கப்படும். அவை இரண்டும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சேர்ந்தவை என்பதை அகழ்ந்தவர் மண் அடுக்குகளால் மெய்ப்பித்தல் வேண்டும். நெல் ஓர் ஆண்டுப் பயிர்; அறுத்த சில காலத்திற்குள் தாழியிற் சேர்ந்திருக்கும். கரித்துண்டோ நெடுங்காலம் வாழ்ந்த மரத்தின் உட்பகுதியாக இருக்கலாம். விறகான மரம் தீயில் இடப்படுவதற்கு முன்பே முதிர்ந்திருக்கலாம்.

2025-ஆம் ஆண்டு சனவரி 23-ஆம் நாள் சென்னையில், ‘இரும்பின் தொன்மை’ என்னும் ஆய்வு நூல் வெளியிடப்பட்டது. சிவகளையில் கிடைத்த கரித்துண்டுகளின் காலம் கி.மு. 2953 முதல் கி.மு. 3345 வரை செல்கிறது என்றும், அதனால் தமிழ்நாட்டில் இரும்பின் பயன்பாடு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. அத்தனை பழைய கரியில் கார்பன்-14 ஏறத்தாழ பாதியாகவே குறைந்திருக்கும். இச்செய்தி தமிழ் மக்களை மகிழ்வித்தது. அறிஞர் சிலர், கரிக்கும் இரும்பிற்கும் உள்ள தொடர்பை மேலும் பல இடங்களில் அகழ்ந்து உறுதி செய்தல் வேண்டும் என்றனர். அவ்வாறு கேட்பது பகைமையாகாது. ஒரே ஆய்வுக்கூடத்தை நம்பியிராமல் பொருள்களைப் பல ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பியதும், பானை ஓடுகளை ஒளியால் சோதிக்கும் வேறொரு முறையால் ஆராய்ந்ததும் அவ்வினாக்களுக்கு விடை காணும் முயற்சியே ஆகும்.

தன் ஊர் பழமையானது என்று கேட்பதில் எவர்க்கும் விருப்பம் உண்டு. விருப்பம் மிகுந்தவர் ஆயிரத்தை இரண்டாயிரமாக்கிப் பேசுவர்; வெறுப்பு மிகுந்தவர் இரண்டாயிரத்தை இருநூறாக்கிப் பேசுவர். அணு அவ்விருவரையும் அறியாது. திருநெல்வேலியில் எண்ணினாலும் மயாமியில் எண்ணினாலும் அது கூறும் விடை ஒன்றே. அவ்விடையை அதற்குரிய எல்லைகளோடு ஏற்றுக்கொள்பவரே தம் முன்னோரை உண்மையாகப் போற்றுபவர் ஆவர்.

அந்நெல்லைத் தாழியில் இட்டவரின் பெயர் தெரியவில்லை. இறந்தவர் யார் என்பதும் தெரியவில்லை. பசித்திருப்பாரோ என்று எண்ணி ஒரு பிடி நெல்லை உடன் அனுப்பிய அன்பு மட்டும் தெரிகின்றது. பின்வருவோர் தம் காலத்தை அறியவேண்டும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். ஆயினும் அவர் இட்ட நெல், மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த தலைமுறைக்கு அக்காலத்தை அறிவித்தது. பொருநைக் கரையில் இன்று அறுவடையாகும் ஒவ்வொரு நெல்மணியிலும் அதே கடிகாரம் அறுத்த நாள் முதல் ஓடத் தொடங்குகிறது.